முப்பத்தேழாம் படிவம்

படிவம் ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய்,
பஸ் கட்டணம் தனி.
கோயம்புத்தூர்ப் பேராசிரியருக்குத் தெரிய வேண்டியது
கட்டபெட்டு முதல் குஞ்சப்பனை வரை
யார் யாரோடு பேசாமலே பழகுகிறார்கள் என்பது.

தாள் அப்பளமாய் நமத்துப்போயிருக்கும்.
பதினான்காம் கேள்வியைச் சத்தமாக வாசிப்பேன்:
'கடந்த ஆறு மாதத்தில் நீங்கள்
நேரில் பார்க்காத, அழைத்துப் பேசாத,
ஆனால் லைக் போட்ட நபர்கள் எத்தனை?'

கேரட் கழுவும் மெஷினை நிறுத்திவிட்டு
போஜன் விரல்விட்டு எண்ணினார். இரண்டு கையும் போதவில்லை.
மேட்டுப்பாளையம் மண்டியில்
எப்போதோ மூட்டை எண்ணிய பையன் ஒருவன்,
இன்று அவனுக்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணை.
"அவன் ஒவ்வொரு கோழிக்கும் நான் கைதட்டறேன்."

வர்க்கி சுடும் யூசுப்புக்கு
துபாயில் கண்ணாடி துடைக்கிற ஒருவர்.
முப்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டே வீடியோ போடுவார்.
இவர் ஒரு கட்டைவிரல் அனுப்புவார், அவ்வளவே.
வீடியோ வராத நாளில்
யூசுப்புக்கு வயிற்றைப் பிசைகிறது.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் தவமலர் மட்டும்
"எனக்கு அப்படி யாரும் இல்லை" என்றாள்,
சொல்லிக்கொண்டே
மூன்று பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பினாள்.

உறவு என்ற கட்டத்தில்
ஒன்று நண்பர், இரண்டு சொந்தம்,
மூன்று உடன் வேலை செய்பவர்,
நான்கு மற்றவை.
எல்லாரும் நான்கில் ஏறினார்கள்,
முகூர்த்த நாளின் மினி பஸ் மாதிரி.
பேராசிரியர் மின்னஞ்சல் அனுப்பினார்:
'மற்றவை' இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முப்பத்தேழாவது, அரவேணுவில்.
பெயர் ரெஜினா, வயது முப்பத்திரண்டு, தையல்.
டீ கொடுத்துவிட்டு
பெயர்களை மேலே தள்ளிக்கொண்டே வந்தவள்
ஓரிடத்தில் நின்றாள்.
"இது யாருன்னே தெரியாதுங்க.
மாஸ்க் போட்டுத் திரிஞ்ச வருஷம், ராத்திரி பஸ்,
குஞ்சப்பனைகிட்ட மண்சரிவு. பக்கத்து சீட்டு.
என் பவர் பேங்க்ல சார்ஜ் போட்டு அவங்க வீட்டுக்குப் பேசினாங்க.
ஒரு பொட்டலம் கடலை, விடியறவரைக்கும் ரெண்டு பேருக்கும்.
நம்பர் எதுக்கு வாங்கினேன்னு இப்ப ஞாபகமில்ல."

திரையில் 'மழை பஸ்'.
கீழே, இன்று காலை நான் எடுத்த பனி,
என் ஜன்னல்,
காயாத என் துப்பட்டா.

என் போனில் அவள் பெயர் 'கடலை'.
ஐந்து வருடமாய் என் ஸ்டேட்டஸுக்கு
முதல் இதயம் கடலையிடமிருந்துதான்.
மேலுதட்டில் ஒரு தழும்பு இருந்தது.
அன்றைக்கு அது மாஸ்க்குக்குள் இருந்திருக்கும்.

இருபத்திரண்டாம் கேள்வியைக் கேட்டேன்.
'இந்த நபரை நேரில் சந்திக்க விரும்புகிறீர்களா?'
"ஐயோ வேண்டாங்க.
வந்தா டீ போடணும், எத்தனை புள்ளைன்னு கேக்கணும்,
அப்புறம் ஏன் வரலைன்னு வருத்தப்படணும்.
அவங்க பனி போடறாங்க, நான் பாத்துக்கறேன்."

டீயை அடிவரை குடித்தேன்.
இஞ்சி தூக்கல்.

எல்லாப் படிவத்திலும் கடைசிப் பக்கத்தில் ஒரே உறுதிமொழி:
'பதிலளித்தவர் எனக்கு முன்பின் அறிமுகமில்லாதவர்.'
தெரிந்தவர் என்றால் படிவம் செல்லாது,
நூற்றிருபது போகும்.
பேனா மூடியைக் கழற்றி
தையல் மெஷின் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.
எழுதியது பொய்யா என்று
பஸ்ஸில் அரை மணி நேரம் யோசித்து, தூங்கிப்போனேன்.

அதன்பின் ஒன்பது நாள் எதையும் போடவில்லை.
பனி வந்தது, போனது.
படமெடுக்கக் கை தூக்கினால்
சாக்கட்டி, அளவு நாடா,
மேஜையில் அவள் தள்ளி வைத்த டம்ளர்.

பத்தாம் நாள் இரவு
கடலையிடமிருந்து முதன்முதலாக எழுத்து:
'உங்க பக்கம் பனி இல்லையா?'

கட்டில் முழுக்கப் படிவங்கள்,
நான்கை ஒன்றாகவோ மூன்றாகவோ மாற்றச் சொல்லி.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
'இருக்கு' என்று தட்டினேன்,
அழித்தேன்,
மறுபடி தட்டினேன்.